சொல்லாமல் விட்ட தெரு

அத்தியாயம் 9

மணி ஐந்து. அலாரம் மூன்றாவது தடவையாக அடித்து ஓய்ந்தது. கோகிலவாணி எழுந்திருக்கவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட மழைக்கு இந்நேரம் அவள் ஸ்கூட்டியில் பாதி ஊரைச் சுற்றியிருக்க வேண்டும். பத்து வருடப் பழக்கம். இன்று போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள். தூக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அந்த டிசம்பர் பெருவெள்ளத்தின்போது, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல ஆளில்லாமல் பீர்க்கன்கரணையே தவித்தது. தண்ணீர் வடிந்த கையோடு கோகிலா ஒரு காரியம் செய்தாள். ஜாக்கெட் தைக்க வைத்திருந்த இஞ்சு டேப் ஒன்றை மாப் கட்டையில் ஒட்டினாள். அடுத்த மழையிலிருந்து, விடிவதற்குள் நாற்பத்தோரு இடத்தில் தண்ணீரை அளந்து, ஆறரை மணிக்கு இரண்டு வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட ஆரம்பித்தாள்.

அளவுகளுக்கு அவள் வைத்த பெயர்களும் தையல்காரியின் பெயர்கள்தான். நாலு இஞ்சு என்றால் கொலுசு. பத்து இஞ்சு, கெண்டைக்கால். பதினெட்டு, முட்டி. அதற்கு மேல் தொடை. 'மார்க்கெட் தெரு கொலுசு. பள்ளிக்கூடத் தெரு முட்டி, வண்டிய எடுக்காதீங்க' என்று அவள் சொன்னால், அதைக் கேட்டுவிட்டுத்தான் ஆயிரத்து எழுநூறு பேர் வாசல் கதவைத் திறப்பார்கள்.

நேற்று மாலை அத்தனையும் கசந்துவிட்டது. தைத்த ஜாக்கெட்டை வாங்கிப்போக வந்த ஜெரூஷா டீச்சர், "கோகிலா, இதப் பாத்தீங்களா? புது ஆப்பு! வந்து ரெண்டு மாசம் ஆச்சாம்!" என்று கைபேசியை நீட்டினாள். 'நனையாதே' என்று பெயர். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெருவுக்குத் தெரு வண்ணம். பெயரைத் தவிர எல்லாம் இங்கிலீஷ். நடுவில் ஒரே ஒரு தமிழ் வார்த்தை. கொலுசு.

அவள் வைத்த பெயர்.

ஆறே முக்காலுக்கு கைபேசி அலறியது. ஷேர் ஆட்டோ சவுரிமுத்து.

"அக்கா, வாய்ஸ் இன்னும் வர்லியே? நெட்டு கட்டா?"

"நெட்டு நல்லாத்தான் கீது. நான்தான் கட்டு."

"இன்னாக்கா சொல்ற?"

"இனிமே ஆப்புல பாத்துக்க. கலர் கலரா காட்டுதாமே."

"யக்கோவ், அது இங்கிலீஷ்ல பேசுது. நீன்னா 'சவுரி, அந்தாண்ட போவாத, சைலன்சர்ல தண்ணி பூந்துடும்'னு சொல்லுவ. அது சொல்லுமா?"

"சொல்லாது. திருடின வாய் எப்படிடா பேசும்?" லைனைத் துண்டித்தாள்.

குமரவேல் பல் துலக்கியபடியே எட்டிப் பார்த்தான். பெருங்களத்தூரில் பம்ப் மோட்டார் கடை வைத்திருக்கும் அவள் கணவன்.

"இன்னிக்கு போவலியா?"

"இனிமே போவல. விட்டாச்சு."

"அப்பாடா!"

"இன்னா அப்பாடா?"

"இல்ல... பத்து வருஷமா மழையில நனையற. எவனாச்சும் ஒரு சால்வை போட்டானா? அவனுங்க கம்ப்யூட்டர்ல பண்றானுங்க. பண்ணிட்டுப் போறானுங்க, வுடு."

"என் வாயிலருந்து புடுங்கிக்கினு போயிருக்கானுங்க. வுடுன்றீங்க."

"புடுங்கறதுக்கு அது இன்னா உன் கழுத்துச் செயினா?"

தோசைக் கரண்டி மேடையில் விழுந்த சத்தத்தில் குமரவேல் வாயில் இருந்த நுரையை விழுங்கிவிட்டான்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. போன வருடம் அவள் கால் பிசகிப் படுத்திருந்த பத்து நாளும் அவன்தான் குடையைப் பிடித்துக்கொண்டு போய் அளந்து வந்தான். அவன் ஒப்பித்த எண்களைப் படுக்கையில் இருந்தபடியே அவள் பதிவு செய்தாள். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

அதனால்தான் இன்று அந்த 'அப்பாடா' இன்னும் சுட்டது.

"நான் குரோம்பேட்டை போறேன்" என்றாள். "அங்கதான் அவனுங்க ஆபீஸ். மூஞ்சியப் பாத்து ரெண்டு கேள்வி கேட்டுட்டு வரேன்."

உள் அறையிலிருந்து அனுப்பிரியா ஓடி வந்தாள். ஒரே மகள். என்ஜினியரிங் கடைசி வருடம். மழை விடுமுறை.

"வேணாம்மா. மழையில எதுக்கு? நான் மெயில் போடறேன்."

"மெயில்ல அறைய முடியுமாடி?"

அனுப்பிரியாவின் முகம் வெளுத்ததை கோகிலா கவனித்திருக்க வேண்டும். குடையைத் தேடும் அவசரத்தில் கவனிக்கவில்லை.

* * *

ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடிக் கடை ஒன்றுக்கு மேலே, இரண்டாவது மாடி. கதவில் காகிதத்தில் அச்சடித்து ஒட்டிய பெயர். உள்ளே நாலு லேப்டாப், ஒரு பிஸ்கட் டப்பா, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன். அவனாகவே எழுந்து வந்தான்.

"நீங்க... கோகிலா ஆன்ட்டிதானே? ஐயோ, உள்ள வாங்க! நான் ஷ்யாம்சுந்தர். உங்க வாய்ஸ் அவ்ளோ கேட்டிருக்கேன். நீங்க ஒரு லெஜண்ட் ஆன்ட்டி."

நாலு திட்டு தயாராக வைத்துக்கொண்டு மாடி ஏறியவளுக்கு இந்த வரவேற்பு இன்னும் எரிச்சலூட்டியது.

"லெஜண்ட அப்புறம் பாக்கலாம். கொலுசுன்னா இன்னா தம்பி?"

"ஃபோர் இஞ்சஸ் ஆன்ட்டி."

"யார் சொன்னா?"

"அது... ஸ்டாண்டர்ட்..."

"எந்த ஊரு ஸ்டாண்டர்டு? உங்க வூட்டுல யாராச்சும் கொலுசு போட்டுக்கினு சாக்கடைத் தண்ணில நின்னு அளந்தாங்களா?"

பக்கத்து லேப்டாப்பில் இருந்தவன் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். ஷ்யாம்சுந்தர் சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, நாங்க திருடல. அனுப்பிரியா பர்மிஷனோடதான் எடுத்தோம்."

"எந்த அனுப்பிரியா?"

கேட்ட நொடியே விடை தெரிந்துவிட்டது.

"உங்க பொண்ணு. காலேஜ்ல என் ஜூனியர். ப்ராஜெக்ட்டுக்காக உங்க நோட்டுப் புக் எல்லாம் எக்செல்ல ஏத்தினா. பத்து வருஷ டேட்டா! அதை எங்களுக்கு ஷேர் பண்ணா. உங்களுக்கு... தெரியாதா?"

கோகிலா நாற்காலியில் உட்கார்ந்தாள். போன வருடம் ஒரு மாதம் ராத்திரி பகலாக நோட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு மகள் தட்டச்சு செய்தது ஞாபகம் வந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மழையில் ஊறி அழிந்த எழுத்துகளைத் தானே படித்துச் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"உங்களோடது நாற்பத்தோரு இடம். நாங்க இருநூத்திப் பத்து இடம் பண்றோம்" என்று அவன் லேப்டாப்பைத் திருப்பினான். "நீங்களும் எங்ககூட வந்துடுங்க. கம்யூனிட்டி அம்பாசடர்னு ஒரு போஸ்ட். ஐ.டி. கார்டு உண்டு. ரெயின்கோட் தரோம்."

"ரெயின்கோட்டா!"

"நல்ல குவாலிட்டி ஆன்ட்டி."

அவனை அறைவதா, அந்த டப்பாவைத் தூக்கி எறிவதா என்று தெரியாமல் திரையை முறைத்தாள். பீர்க்கன்கரணை ஏரி நீலமாகக் கிடந்தது. சுற்றிலும் அவள் தெருக்கள். பள்ளிக்கூடத் தெரு சிவப்பு. சரி. மார்க்கெட் தெரு மஞ்சள். அதுவும் சரி. ஏரியின் தெற்கே பளிச்சென்று ஒரு பச்சைக் கோடு.

"இது எது?"

"கலங்கல் நகர் மூணாவது தெரு. சேஃப் ஸோன்."

கோகிலா திரைக்கு அருகே குனிந்தாள்.

"யாரு சொன்னது சேஃப்னு?"

"நீங்கதான் ஆன்ட்டி. ஏரியைச் சுத்தி எல்லாத் தெருவுக்கும் என்ட்ரி இருக்கு. இந்த ஒரு தெருவுல தண்ணி நின்னதா ஒரு என்ட்ரிகூட இல்ல. அப்ப ரிஸ்க் ஜீரோ."

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற இடம் கலங்கல். அதற்கு நேர் கீழே ஒரு தெருவைப் போட்டால் தண்ணீர் எங்கே போகும்? பீர்க்கன்கரணையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கோகிலாவுக்குத் தெரியாதா?

அது அவர்கள் குடும்பத்து நிலம். முன்பு நெல் விளைந்த பூமி. ஏழு வருடம் முன்பு குமரவேலின் அண்ணன் ஜெயவேலு அதை மனைகளாகப் பிரித்து விற்க ஆரம்பித்தார். பூஜை போட்ட அன்று, தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "கோகிலா, உன் வாய்க்கு ஊர்ல ஒரு மரியாத கீது. அந்த ஒரு தெருவ மட்டும் வுட்டுடும்மா. அங்க இப்ப யாரு கீறாங்க? தவளைதான் கீது." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தலையாட்டிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் தவளைகளின் இடத்தில் வீடுகள் வந்தன. கோகிலாவுக்கு மனது கேட்கவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தாள். மழை நாளில் குரல் பதிவில் அந்தத் தெருவைச் சொல்ல மாட்டாள். ஆனால் அங்கே தனக்குத் தெரிந்த ஆறு வீட்டுக்கும் தனித்தனியாக போன் போட்டு, 'வண்டிய மேல ஏத்துங்க, சாமானத் தூக்கி வைங்க' என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிடுகிறோமே, போதாதா என்று இருந்துவிட்டாள்.

"நேர்ல போய் யாராச்சும் பாத்தீங்களா?"

"ஃபீல்டு டீம் இன்னும் போடல ஆன்ட்டி. ஆனா பத்து வருஷம், மழைன்னா ஒரு நாள் மிஸ் பண்ணாம எழுதியிருக்கீங்க. உங்க டேட்டாவ நம்பாம யார நம்பறது?"

"மாத்து" என்றாள்.

"எத?"

"அந்தப் பச்சைய."

அவன் விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். "மாத்திடலாம். நீங்க சொன்னாப் போதும். அங்க தண்ணி நிக்குமா ஆன்ட்டி?"

வாய் வரை வந்தது. தாம்பூலத் தட்டும், ஜெயவேலுவின் சிரிப்பும் குறுக்கே நின்றன. எடுத்தவுடன் நாலு திட்டு திட்ட வந்தவள், ஒரு 'ஆமாம்' சொல்ல முடியாமல் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கடைசிப் படியில்தான் அது உறைத்தது. இன்று அவள் குரல் பதிவை மட்டும் நிறுத்தவில்லை. அந்த ஆறு வீட்டுக்கும் போன் போடவில்லை.

* * *

"வேகமாப் போடா."

"மழைக்கா. இதுக்கு மேல போனா படகாயிடும்" என்றான் சவுரிமுத்து. அவள் அடித்த போன்களை அந்தத் தெருவில் யாரும் எடுக்கவில்லை.

கலங்கல் நகர் முனையிலேயே ஆட்டோ நின்றுவிட்டது. கோகிலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கொலுசு. நாலு வீடு தாண்டினால் முட்டி. மூன்றாவது தெருவில் திரும்பும்போது தொடை. டேப் தேவைப்படவில்லை.

பழைய ரயில்வேக்காரர் லாசரஸ், மாடிப்படியில் பக்கெட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, விடியக்காலைல நீ போன் பண்ணவே இல்லியே? பண்ணியிருந்தா மோட்டாரயாச்சும் கழட்டியிருப்பேன்."

"தப்பாயிடுச்சு சார்."

"நம்மள வுடு. பக்கத்துல பாவம், போன மாசம்தான் குடி வந்தாங்க. போய்ப் பாரு."

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் தண்ணீர். தண்ணீர் நடுவே சாப்பாட்டு மேஜை. மேஜை மேல், கட்டுப் போட்ட முழங்காலை நீட்டிக்கொண்டு, எழுபது வயது அம்மாள் ஒருத்தி மடியில் மருந்து டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கோ" என்றாள் அந்த அம்மாள். பெயர் அபிதகுஜாம்பாள் என்று பிற்பாடு தெரிந்தது. "உக்காரச் சொல்லணும். நாற்காலியெல்லாம் வாசப்பக்கம் மிதந்து போயிடுத்து."

உள்ளேயிருந்து ஒரு பெண் நனைந்த ஃபைல்களைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். முப்பது வயதிருக்கும். மகள் சுப்ரஜா.

"யார் நீங்க? ஹவுஸ் ஓனர் அனுப்பினாங்களா?"

"இல்லம்மா. நான் கோகிலவாணி. மழைக்கு வாய்ஸ்..."

"ஓ! ஆப்புல உங்க பேர் போட்டிருக்கே. 'லோக்கல் எக்ஸ்பர்ட் டேட்டா'ன்னு." அவள் ஃபைல்களைத் தொப்பென்று மேஜையில் போட்டாள். "எக்ஸ்பர்ட்டா நீங்க? அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி இருபது நாள். மாடி ஏறக் கூடாதுன்னு கிரவுண்ட் ஃப்ளோர் தேடினேன். ஆப்புல ஒவ்வொரு தெருவா பாத்து, பச்சைன்னு இருந்ததாலதான் இங்க வந்தேன். காலைல ஏழு மணிக்கு கட்டிலுக்கு அடில தண்ணி!"

"சுப்ரஜா, அவா என்ன பண்ணுவா? தெரியாம போட்டிருப்பா" என்றாள் அம்மா.

வாசலில் வந்து நின்ற லாசரஸுக்கு நல்லது செய்யும் எண்ணம்தான். "ஆமாம்மா, இவங்களத் திட்டாதீங்க. ஆறு வருஷமா மழைன்னா எனக்கு மொத போன் இவங்களோடதுதான். 'சார், தண்ணி வருது'ம்பாங்க. இன்னிக்கு ஒரு நாள்தான்..."



சுப்ரஜா மெதுவாகத் திரும்பினாள். "ஆறு வருஷமா இவருக்கு போன் பண்றீங்க."

கோகிலா புடவை முனையைப் பிழிந்தாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும். இந்தத் தெருவுல தண்ணி வரும்னு தெரியும். தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ரகசியமா சொல்லுவீங்க. மத்தவங்க மேஜை மேல உக்காந்துக்கணும். அப்படித்தானே?"

"அம்மா, நான்..."

"ஆப்புக்காரங்க உங்கள காப்பியடிச்சாங்கன்னு குரூப்ல நேத்து ராத்திரி ஒரு டீச்சர் போட்டிருந்தாங்க. நீங்க பாவம்னு நானே ரெண்டு பேர்கிட்ட சொன்னேன்." சுப்ரஜாவின் குரல் உடைந்தது, அழவில்லை. "அவங்க காப்பிதான் அடிச்சாங்க. பொய் உங்களோடது."

* * *

வீட்டு வாசலில் ஜெயவேலுவின் கார் நின்றது. மாலை நாலு மணி. கூடத்தில் அண்ணனும் தம்பியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் அனுப்பிரியா, அழுத கண்களோடு.

"வாம்மா கோகிலா" என்றார் ஜெயவேலு. "வாய்ஸ் போடறத நிறுத்திட்டியாமே. குமரவேல் சொன்னான். நல்ல முடிவு."

"ஏன் மாமா நல்ல முடிவு?"

"இனிமே உனக்கு அந்தக் கஷ்டமே இல்ல பாரு. இத்தினி நாளு நீ சொல்லாம இருந்தா போதும்னு இருந்துச்சு. இப்ப அவனுங்களே பச்சைன்னு போட்டுட்டானுங்க!" கைபேசியை உயர்த்திக் காட்டினார். "பிரிண்ட் எடுத்து நோட்டீஸ்ல சேத்துட்டேன். கடைசி ரெண்டு மனை. பார்ட்டி வியாழக்கிழம வருது. கம்ப்யூட்டரே சொல்லுதுன்னா எவன் இல்லன்னுவான்?"

கோகிலா ஈரப் புடவையோடு நின்றாள். திட்டுவதற்கு முதல் ஆள் மகள்தான் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள்.

"நோட்ட நீதான குடுத்த?"

"ப்ராஜெக்ட்டுக்குத்தாம்மா குடுத்தேன். உன் பேர் வரும், உன்ன எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். சர்ப்ரைஸா..."

"நல்லா குடுத்தடி சர்ப்ரைஸு! அந்தத் தெருவுல ஒரு கிழவி மேஜை மேல உக்காந்துக்கினு கீறா!"

"எந்தத் தெரு?"

"கலங்கல் மூணாவது."

அனுப்பிரியா நிமிர்ந்தாள். அழுகை நின்றது. "எக்செல்ல ஏத்தும்போது நான் கேட்டேன். சுத்தியிருக்கற எல்லாத் தெருவும் இருக்கு, கலங்கல் மூணாவது தெரு மட்டும் ஏன் இல்லன்னு. நீ என்னம்மா சொன்ன?"

கோகிலாவுக்கு ஞாபகம் இருந்தது.

"'அங்க தண்ணியே நிக்காது, நீ டைப் பண்ணு'ன்ன. நான் நம்பினேன். நான் யார நம்பறது, உன்ன நம்பாம?"

காலையில் அந்தப் பையன் சொன்ன அதே வாக்கியம்.  கோகிலா ஜெயவேலுவிடம் திரும்பினாள்.

"மாமா, அந்தத் தெரு இன்னிக்குத் தொடை."

"நாலு நாள்ல வடிஞ்சிடும். வுடும்மா."

"வியாழக்கிழம வர்ற பார்ட்டிக்கும் அம்மா இருப்பாங்க. முட்டி ஆபரேஷன் ஆயிருக்கும்."

"இன்னா பேஜார் பண்ற? ஏரியோரம் மனை விக்கற எல்லாரும் பண்றதுதான் நாமளும் பண்றோம். அன்னிக்குத் தாம்பூலம் எடுத்த இல்ல? அத்தினி பேர் முன்னாடி வாக்கு குடுத்த இல்ல?"

"குடுத்தேன். தவளைக்குத்தான் குடுத்தேன். மனுஷங்க வந்தப்பவே திருப்பி வாங்கியிருக்கணும்."

கைபேசியை எடுத்தாள். குமரவேல் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "கோகிலா, அண்ணன் எதிர்ல வேணாம். நீதான் விட்டுட்டன்னு சொன்னியே."

"விட்டிருப்பேன். நான் அளந்தத அவனுங்க எடுத்துக்கினு போனா, போய்த் தொலைங்கன்னு விட்டிருப்பேன். நான் முழுங்கினதையும் சேத்து எடுத்துக்கினு போயிட்டானுங்களே! அத வெளிய எடுக்க என்ன வுட்டா யாரு கீறா? கைய எடுங்க."

அவன் கையை எடுத்தான்.

"வணக்கம். கோகிலா பேசறேன். இன்னிக்கு லேட்டு, மன்னிச்சுக்குங்க." குரல் முதலில் நடுங்கியது. பிறகு கோபம் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. "கலங்கல் நகர் மூணாவது தெரு, தொடை. இன்னிக்கு மட்டும் இல்ல, ஆறு வருஷமா அந்தத் தெரு தொடைதான். எனக்குத் தெரியும். எங்க குடும்பத்து மனைன்னு நான் சொல்லல. ஆப்புல பச்சையா காட்டுதுன்னா அது என் தப்பு. அங்க மனை வாங்கறவங்க, வூடு பாக்கறவங்க, மழையில ஒரு தபா வந்து பாத்துட்டு வாங்குங்க. நாளைக்கு ஆறரைக்கு மறுபடி வரேன்."

அனுப்பினாள். இரண்டு குரூப்புக்கும். ஷ்யாம்சுந்தருக்கும் அனுப்பச் சொல்லி மகளைப் பார்த்தாள். அனுப்பிரியா ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஜெயவேலு டீ டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்தார். கத்தியிருந்தால் பரவாயில்லை.

"என் மனை விக்காம நின்னா உங்க பாகப் பணமும் நிக்கும். தம்பி, உன் பொண்டாட்டிக்குச் சொல்லி வை." செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினார். கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

கோகிலா தரையில் உட்கார்ந்தாள். கைபேசி துடிக்க ஆரம்பித்தது. சவுரிமுத்து கும்பிடு போட்டிருந்தான். யாரோ ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தார். 'இவ்வளவு நாள் நம்பினோமே' என்று நாலைந்து பேர். சுப்ரஜாவிடமிருந்து ஒன்றும் இல்லை. எதிர்பார்க்கவும் கூடாது.

பிறகு ஜெரூஷா டீச்சரின் குரல் வந்தது. கோகிலா எல்லோரும் கேட்கும்படி அழுத்தினாள்.

"கோகிலா, சொன்னதுக்கு தேங்க்ஸ். தைரியம் வேணும். ஆனா ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கிணத்தடித் தெரு போன வருஷம் ஒரு வாரம் முட்டிக்கு நின்னுச்சு. நீங்க தெனமும் கொலுசு, கொலுசுன்னே சொன்னீங்க. அத நம்பி இறங்கித்தான் எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டரோட விழுந்தாரு. அளக்கறதுல ஏதோ தப்புன்னு விட்டுட்டேன். அதுவும் யாராவது சொல்லச் சொன்னதுதானா?"

"ஐயோ, இல்ல டீச்சர்!" என்று பதில் பேச கோகிலா பொத்தானை அழுத்தினாள். "கர்த்தர் மேல... சாமி மேல சத்தியமா, வேற எந்தத் தெருவையும் நான்..."

"நிறுத்து" என்றான் குமரவேல்.

அவள் விரல் தானாக விலகியது.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த மாப் கட்டையைக் கையில் எடுத்து, டேப்பின் ஒரு முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"சத்தியம் பண்ணாத, கோகிலா. போன வருஷம் உன் கால் பிசகிக் கிடந்த அந்தப் பத்து நாளு... அளந்தது நீ இல்ல. கிணத்தடிக்குக் கொலுசுன்னு உன்கிட்ட சொன்னது நான்தான்."